மூன்று பிக்கப், ஒரு சேஸி

ஆங் மோ கியோ தொழிற்பேட்டை 2ஏ-யில் உள்ள ஆட்டோபாயிண்ட் கட்டடம் மாடிக்கு மாடி பட்டறை. அந்தப் பக்கம் போகும் சிறு குத்தகைக்காரர்களிடம் ஒரு யோசனை அடிக்கடி தலைகாட்டும். ஓடாத பிக்கப் மூன்றை வாங்குவது, ஒன்றிலிருந்து எஞ்சின், ஒன்றிலிருந்து கியர்பாக்ஸ், ஒன்றிலிருந்து பின்தொட்டி என்று எடுத்து, ஏசி வேலைக்கோ குழாய் வேலைக்கோ உருப்படியான ஒரு வண்டி கட்டிக்கொள்வது. நல்ல யோசனைதான். ஆனால் சிங்கப்பூரில் இதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

முதலில் காகிதத்தின் விலை. 1990 மே மாதத்திலிருந்து, சில விலக்குகள் தவிர, இங்கே எந்தப் புது வண்டியும் ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ இல்லாமல் சாலைக்கு வர முடியாது. அதன் ஆயுள் 10 ஆண்டு. பிக்கப், வேன், லாரி எல்லாம் சி பிரிவு. அண்மை ஆண்டுகளில் இந்தப் பிரிவின் ஏலவிலை 60,000 வெள்ளிக்கு மேல்தான் நின்றிருக்கிறது. கணக்குக்கு 70,000 என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டு முடிந்த வண்டியை வைத்துக்கொள்ள விரும்பினால் கடந்த மூன்று மாத ஏலவிலையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்கு மட்டும் என்றால் அதில் பாதி. சரக்கு வண்டிக்கு மொத்த ஆயுள் 20 ஆண்டு, அதற்கு மேல் கிடையாது. 2006-இல் பதிவான பிக்கப்பில் நேற்று மாட்டிய புது எஞ்சின் இருந்தாலும் 2026-இல் அது சாலையை விட்டுப் போகவேண்டும்.

இனி இரும்பின் விலை. இறக்குமதி மதிப்பு 30,000 வெள்ளி உள்ள ஒரு புதிய பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி: 30,000
கூடுதல் பதிவுக் கட்டணம் 5 விழுக்காடு: 1,500
பொருள் சேவை வரி 9 விழுக்காடு: 2,700
இரும்புக்கு ஆக மொத்தம்: 34,200
சிஓஇ: 70,000
கூட்டுத்தொகை: 1,04,200

விற்பவரின் லாபத்தையும் சில்லறைக் கட்டணங்களையும் இதில் சேர்க்கவில்லை. அப்படியும் நூற்றுக்கு 67 வெள்ளி காகிதத்துக்கே போகிறது. பழைய வண்டியைக் கட்டி எழுப்புபவர் மிச்சம் பிடிக்கக்கூடியது அந்த 34,200 மட்டும்தான். சிஓஇ புதியதற்கும் உண்டு, பழையதற்கும் உண்டு. 34,200-ஐ 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 285 வெள்ளி. பழைய வண்டிக்காக நீங்கள் கூடுதலாகச் செய்யும் பழுதுச் செலவு இந்த 285-க்குள் நின்றால் லாபம், தாண்டினால் நட்டம். இந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

அடுத்தது, எதை எதோடு சேர்க்கலாம் என்பது. எண்களைப் பார்க்காமல் கண்ணை நம்பினால் காசு போகும் இடம் இதுதான். அங்கே ஒரு பட்டறைத் தரையில் மூன்று வகைப் பிக்கப்களின் ரிம்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள்: ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா. மூன்றிலும் ஆறு துளை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தாய் பிள்ளைகள். எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் முதல் இரண்டிலும் 139.7 மில்லிமீட்டர், நவாராவில் 114.3. வித்தியாசம் 25.4, சரியாக ஓர் அங்குலம். ஆகவே நவாரா ரிம் ஹைலக்ஸில் ஏறவே ஏறாது. டி-மேக்ஸ் ரிம் துளைக்குத் துளை பொருந்தும். ஆனால் அதன் நடு ஓட்டை 100.1 மில்லிமீட்டர், ஹைலக்ஸ் ஹப் கேட்பது 106.1. அந்த 6 மில்லிமீட்டரில் ரிம் ஹப்பில் உட்காராமல் வெளியே நிற்கும். “ஆறு துளை இருக்கிறதென்று வாங்கிவிடாதே தம்பி, நடு ஓட்டையையும் அள” என்றார் அங்கிருந்த மெக்கானிக் அண்ணன். ஹைலக்ஸிலேயேகூட எல்லா வண்டிக்கும் ஆறு துளை இல்லை. பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள பழைய வண்டிகள் சிலவற்றில் ஐந்து.

எஞ்சினிலும் இதே கதை. 2004 முதல் 2015 வரை வந்த ஹைலக்ஸ் தலைமுறையின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் 2,494 சிசி. அதற்கடுத்த தலைமுறையின் சிறிய டீசல் 2,393 சிசி. இரண்டும் வேறு வேறு எஞ்சின்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு ஆகும் என்று எண்ணி வாங்கக்கூடாது. இங்கேதான் இந்த யோசனையின் பெரிய முடிச்சு. 2016-இல் பதிவான வண்டியை 2036 வரை ஓட்ட நினைத்தால், அதற்குப் பாகம் தரும் வண்டியும் அதே தலைமுறையாக இருக்கவேண்டும். 20 வயது முடிந்து உடைக்கப் போகும் வண்டிகள் முந்தைய தலைமுறை. நமக்குப் பயன்படுவது 10-ஆம் ஆண்டில் புதுப்பிக்காமல் விட்ட வண்டியும் விபத்தில் போன வண்டியும்தான். அவற்றிலும் ஒரு பங்கு கப்பலேறி வெளிநாடு போய்விடுகிறது.

பாகத்துக்காக வாங்கும் வண்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. பதிவை ரத்து செய்தால் மீதமுள்ள மாதங்களுக்கு சிஓஇ பணம் திரும்பி வரும். 40,000-க்கு எடுத்த சிஓஇ-யில் 18 மாதம் பாக்கி என்றால் 40,000-ஐ 120-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கவும்: 6,000 வெள்ளி. விற்பவர் சொல்லும் விலையில் இந்த 6,000 ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே பேரம் பேசவேண்டும். பதிவை ரத்து செய்த வண்டியை வைத்துக்கொள்ளவும் முடியாது. குறித்த கெடுவுக்குள் உடைத்ததற்கோ ஏற்றுமதி செய்ததற்கோ சான்று காட்டவேண்டும். ஆக, வாசலில் மூன்று வண்டியை நிறுத்திப் பிரித்துக்கொண்டிருப்பது இங்கே நடக்காது. உடைக்கும் இடத்தில் பாகமாக வாங்குவதே நேர்வழி.

சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது சேஸி எண். பதிவும் சிஓஇ-யும் அதோடு ஒட்டியவை. எஞ்சின் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பிரிட்டனில், மாற்றிக் கட்டிய வண்டி பழைய வண்டிதானா என்று தீர்மானிக்கப் பல ஆண்டுகள் மதிப்பெண் முறையே வைத்திருந்தார்கள்: சேஸிக்கு 5, சஸ்பென்ஷன் 2, அச்சுகள் 2, கியர்பாக்ஸ் வகை 2, ஸ்டியரிங் 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14. மூல வண்டியின் உறுப்புகள் 8 மதிப்பெண் தேறினால் பழைய பதிவு நிலைக்கும். சேஸி, அச்சு, ஸ்டியரிங் மூன்றையும் காப்பாற்றினால் 9, தப்பித்தது. ஸ்டியரிங்கையும் மாற்றினால் 7, போயிற்று. எஞ்சினுக்கு 1 தான் என்பதைக் கவனியுங்கள். நாம் வண்டியின் உயிர் என்று நினைப்பதற்குத்தான் அங்கே ஆகக் குறைந்த மதிப்பு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சிங்கப்பூரின் காகிதக் கணக்குக்கு நேர்மாறான கணக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1990-க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, 1,200 சிசி ஆஸ்டின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டு பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தக் கார்களுக்கு அப்போதே வயது 40-ஐத் தொட்டிருந்தது. அங்கே காகிதத்துக்கு விலையில்லை, இரும்புக்கும் கைக்கும்தான் விலை. அந்தக் கைத்திறனை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆங் மோ கியோவுக்குத் திரும்பி நாட்கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 26 வேலைநாள் என்றால் 10 ஆண்டில் 3,120 நாள். 70,000-ஐ அதில் பிரித்தால் நாளுக்கு 22 வெள்ளி 44 காசு. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது போகும். ஒரு பாகம் வர மூன்று வாரம் ஆனால் 18 நாள், 404 வெள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நின்றால் 10 ஆண்டில் 4,040. அப்போது நம் 285 வெள்ளி 251-ஆகச் சுருங்கும். வேலையில்லாமல் நிற்கும் ஆட்களின் கூலி தனி. பழைய பாகத்தின் உண்மையான லாபம் இங்கேதான்: விலை குறைவு என்பதைவிட, அது இன்றைக்கே கைக்கு வரும். 10 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு என்பதால், டைனமோ, செல்ஃப் மோட்டார், கமான் பட்டை மூன்றும் ஒவ்வொன்று கையிருப்பில் இருப்பது வீண் செலவு ஆகாது.

பிரேக்கிலும் டயரிலும் மட்டும் இந்த மிச்சம் வேண்டாம். டயர் பள்ளத்தின் சட்ட எல்லை 1.6 மில்லிமீட்டர், அதுவரை காத்திருக்காதீர்கள். வண்டியில் வருபவர்கள் நம் ஆட்கள்.

வாங்கும் முன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு உள்ளே போயிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் வேறொரு வண்டியிலிருந்து எடுக்கலாம், சேஸியை எடுக்க முடியாது.