‘ஜீயர்’ என்னும் திருநாமம்

மடத்தில் எழுந்தருளியிருக்கும் தலைவரை ‘ஜீயர்’ என்று வழங்குவதால், அச்சொல் தலைமையைக் குறிப்பதென்று பலர் கொள்வர். பூர்வர்களின் வழக்கில் அது ஸந்யாஸாச்ரமத்தைச் சொல்லும் பெயரேயாம். மடத்தின் ஆட்சியைச் சொல்ல ‘பட்டம்’, ‘மடாதிபதி’ முதலிய சொற்கள் வேறே உள.

இதற்கு நஞ்சீயர் வைபவம் ப்ரமாணம். மாதவர் என்னும் வேதாந்தி, பராசர பட்டரால் வாதில் திருத்தப்பெற்றுப் பின்பு துறவு பூண்டு திருவரங்கம் வந்து சேர்ந்தார். பட்டர் அவரை ‘நம் ஜீயர்’ என்று அபிமானிக்க, அதுவே நஞ்சீயர் என்றாயிற்று. அபிமானித்த ஆசார்யரோ க்ருஹஸ்தர். நஞ்சீயருக்குப் பின் தர்சனம் நிர்வஹித்த நம்பிள்ளையும் க்ருஹஸ்தரே. ஆகையால் ஜீயராயிருத்தல் வேறு, தர்சனத்துக்குத் தலைவராயிருத்தல் வேறு என்பது தெளிவு.

பட்டருடைய பல்லக்கை நஞ்சீயர் தம் தோளில் தாங்க, இது ஆச்ரமத்துக்குத் தகாதென்று பட்டர் விலக்கினாராம். கைங்கர்யத்துக்குத் த்ரிதண்டம் தடையாகுமேல் அதனை முறித்துவிடுவேன் என்றாராம் நஞ்சீயர்.

திருமலையில் பெரிய ஜீயருக்குக் ‘கோயில் கேள்வி’ என்னும் அடைமொழி உண்டு. ‘கேள்வி’ இங்கே மேல்விசாரணை. அதிகாரத்தைக் குறிக்க அங்கும் தனிச்சொல் வேண்டியிருந்தது. ஜீயர் என்னும் திருநாமம் மட்டும் காட்டுவது துறவையும், ஆசார்ய பாரதந்த்ர்யத்தையுமே.