1,280 பேர் வாழும் ஊரின் ஷெரிப்

‘பாப். 1280’, நாவல்
ஜிம் தாம்சன் (1906–1977)
முதல் பதிப்பு: 1964, அமெரிக்கா

அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு சிற்றூர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஷெரிப் (காவல் தலைவர்) நிக் கோரி, ஒன்றும் அறியாத அப்பாவிபோல் பேசுவான்; கையூட்டு வாங்குவான்; குறுக்கே நிற்பவர்களைக் கொன்று, பழியைப் பிறர்மேல் போடுவான். கதையை அவனே சொல்கிறான். அதனால் வாசகர் முதலில் சிரிக்கிறார், பிறகு அஞ்சுகிறார். கறுப்பின மக்கள்மீது வெள்ளையர் இழைத்த கொடுமையையும் நாவல் மறைக்கவில்லை.

தாம்சன் ஓக்லஹோமாவின் அனடார்கோவில் பிறந்தவர்; அவருடைய தந்தையும் ஷெரிப்பாக இருந்தவர்.

1981இல் பிரெஞ்சு இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே, கதைக்களத்தைப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மாற்றித் திரைப்படமாக்கினார். களம் மாறியும் கதை பொருந்தியது. தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம் எங்கும் ஒன்றே.