பியூஸ் போகவில்லை, ஒயர்தான் போனது

போன வருஷம் திருச்சியிலிருந்து சென்னைக்கு காரில் வந்துகொண்டிருந்தோம். விக்கிரவாண்டி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, பிளாஸ்டிக் எரியற மாதிரி நாத்தம் வருது" என்றாள். வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்து கண்ணாடியை ஏற்றினேன். நாற்றம் இன்னும் கூடியது. ஓரம்கட்டி பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை. சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தேன். புகை நிற்கவில்லை.

முன்னால் லாரியை நிறுத்தி டயர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஸ்பேனரோடு ஓடி வந்தார். "சார், மொதல்ல மைனஸைக் கழட்டணும்" என்று சொல்லி அவரே கழற்றினார். புகை அடங்கியது. மகளையும் மனைவியையும் அதற்குள் காரிலிருந்து இறக்கி தூரமாக நிற்க வைத்திருந்தேன். கை நடுக்கம் போக கொஞ்ச நேரம் ஆனது.

காரணம் டேஷ்கேம். மூன்று மாசத்துக்கு முன் ஒரு ஆக்சஸரிஸ் கடையில் மாட்டியது. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு ஒயரை எடுத்து, என்ஜினுக்கும் உள்ளே நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக இழுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் அடாப்டரில் கொடுத்திருந்தார்கள். ஓட்டையில் ரப்பர் கிராமெட் இல்லை. வண்டி அதிர அதிர தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, செம்பு பாடியில் தொட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து அந்த ஓட்டை வரை இன்சுலேஷன் உருகி, கம்பெனி ஒயர்க் கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்கு போன் போட்டேன். "சார், பியூஸ் போட்டுத்தான் சார் குடுத்தோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அடாப்டருக்குள் 2 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் ஒன்று இருந்தது. கழற்றிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. இங்கேதான் எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. பியூஸ் இருந்தும் ஒயர் எப்படி எரியும்?

BE படித்தவன் கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் பியூஸ் என்றால் சாதனத்தைக் காப்பாற்றுவது என்று நம்மில் பல பேர் மனசில் பதிந்துபோயிருக்கிறது. அது காப்பாற்றுவது முதலில் ஒயரை. அதுவும், பியூஸைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஒயரை மட்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள பகுதிக்கு எந்தக் காவலும் கிடையாது. என் காரில் பியூஸ் கடைசி முனையில் இருந்தது. ஷார்ட் ஆனது வழியில். மின்சாரம் பியூஸ் பக்கமே போகாமல் பாடி வழியாகத் திரும்பி பேட்டரிக்கு வந்துவிட்டது.

"டேஷ்கேம் அரை ஆம்பியர்கூட எடுக்காதே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பயம்" என்று கேட்கலாம். சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒயர் 0.5 ஸ்கொயர் எம்எம். பேட்டரியிலிருந்து ஓட்டை வரை ஒன்றரை மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.055 ஓம். பேட்டரியின் உள்தடை, பாடி, தொடும் இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 0.075-ஆல் வகுத்தால் 160 ஆம்பியர். அந்த ஒயரில் மட்டும் வெளியாகும் வெப்பம் சுமார் 1400 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று 1000 வாட். இஸ்திரிப் பெட்டியைவிட அதிகமான சூட்டை ஆறேழு கிராம் செம்பில் இறக்குகிறோம். ஒரே நொடியில் சில நூறு டிகிரி ஏறிவிடும். என் காரில் ஒயர் அதிர்வில் தொட்டுத் தொட்டு விலகியதால்தான் புகையோடு போயிற்று.

சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்பதற்கும் ஷார்ட் ஆனால் பேட்டரி எவ்வளவு கொடுக்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்கென்றே செய்த பேட்டரி அது.

ஆகவே பியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்கணும். கார் ஆடியோ ஆட்கள் 18 அங்குலத்துக்குள் என்பார்கள். நான் ஒரு சாண் என்கிறேன்.

அடுத்தது, எத்தனை ஆம்பியர்? உதாரணத்துக்கு 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு. 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் சொச்சம். என்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 14 பக்கம் ஏறுவதால் 10 என்று வைப்போம். கால் பங்கு கூடுதலாகப் போட்டால் பன்னிரண்டரை. கிடைக்கும் அடுத்த அளவு 15, நீல நிற பியூஸ். (10 சிவப்பு, 20 மஞ்சள், 30 பச்சை.) இனி ஒயர் 15 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கணும். 1.5 போதும் என்பார்கள், நான் 2.5 ஸ்கொயர் எம்எம் போடுவேன்.

தாராளமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 10 ஆம்பியர் பியூஸில் 11 போனால் உடனே போகாது, நாள் கணக்கில் தாங்கும். 20 போனால் சில நொடிக்குள் போய்விடும். நடுவில் 13, 14 என்றால் நிமிஷக் கணக்கில்கூட இழுக்கும். அந்த நேரம் முழுக்க சூட்டை வாங்குவது ஒயர்தான்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவது நம்ம வீட்டுப் பழக்கம். சின்ன வயசில் பியூஸ் கட்டையில் அப்பா கம்பியை இரண்டு இழையாக முறுக்கிப் போடுவார், "இனிமே போகாது பாரு" என்று. போகவும் இல்லை. சுவருக்குள் ஒயர் என்ன பாடுபட்டதோ.

பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்காமல், உள்ளே இருக்கும் பியூஸ் பாக்ஸிலேயே 'பியூஸ் டேப்' மாட்டுவது டேஷ்கேம் மாதிரி சின்னச் சாதனங்களுக்கு நல்ல வழி. இரும்புத் தகட்டைத் தாண்டவே வேண்டாம். அதில் பழைய பியூஸுக்கு ஒரு இடம், புதுசுக்கு ஒரு இடம் இருக்கும். திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், அதுதான் சிக்கல். திருப்பி மாட்டினால் புதுச் சாதனத்தின் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும். பழைய பியூஸை எடுத்துவிட்டு, இரண்டு பிளவில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து, இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் வருகிற மாதிரி மாட்டணும். ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட பியூஸ்களைத் தொடாதீர்கள். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

லாரி அண்ணன் ஏன் மைனஸை முதலில் கழற்றினார் என்று பிறகுதான் யோசித்தேன். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால், ஸ்பேனரே ஷார்ட் ஒயராகிவிடும். மைனஸைக் கழற்றும்போது பட்டால் ஒன்றுமில்லை, அது ஏற்கெனவே பாடியோடு இணைந்ததுதான்.

இப்போது டேஷ்கேமை பியூஸ் டேப்பில் 2 ஆம்பியர் போட்டு நானே மாட்டியிருக்கிறேன். உருகி ஒட்டிய கம்பெனி ஒயர்களைப் பிரித்துச் சரிசெய்ய மெக்கானிக்குக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. அந்தப் பழைய கண்ணாடி பியூஸ் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் இன்னும் பீப் அடிக்கிறது.