குரல் அறுந்தால் கூட்டம் இல்லை

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. சென்னைத் தலைமைச் செயலகத்திலிருந்து ஆட்சியர்களோடு காணொலிக் காட்சி வழியாக ஆய்வுக் கூட்டம் நடந்தால், இங்கிருந்து கலந்துகொள்ள அரசிடம் தனித் தடமே உண்டு. தேசிய தகவலியல் மையத்தின் வலையமைப்பு ஒன்று, டிஎன்ஸ்வான் எனப்படும் மாநில அரசின் வலையமைப்பு இன்னொன்று. அதே அலுவலகத்துக்கு எதிரே அறை எடுத்து ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவருக்கும், ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவருக்கும், செய்யாறு சிப்காட்டில் உள்ள காலணி ஆலைக்குச் சரக்கு கொடுப்பவருக்கும் அப்படி எதுவும் கிடையாது. கையில் இருப்பது ஒரு சிம் கார்டு, மிஞ்சிப்போனால் ஒரு ஃபைபர் இணைப்பு. அதை வைத்துக்கொண்டுதான் பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளரோடு விலை பேச வேண்டும்.

"எந்த ஆப் நல்லது? ஜூமா, கூகுள் மீட்டா, டீம்ஸா, நம்மூர் ஜோஹோவா?" என்று இவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் செயலியின் பெயரிலிருந்து தொடங்கினால் விடை தப்பிவிடும். கூட்டத்தில் சேரப்போகிறவர்களில் யாருடைய நெட் மிக மோசம், அவருடைய குரல் எந்தச் செயலியில் அறுபடாமல் வருகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. இதைச் சொல்வதற்குக் காரணம், வீடியோ அழைப்பு உள்ளே வேலை செய்யும் விதம்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ஹெச்டி படத்தில் 1280க்கு 720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். விநாடிக்கு 30 படம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 66 கோடி பிட், அதாவது 660 மெகாபிட்டுக்கு மேல். அதே தரத்துக்கு ஜூம் நிறுவனம் கேட்பதோ சுமார் 1.2 மெகாபிட்தான். ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் வழியிலேயே கழிக்கப்படுகிறது. எதைக் கழித்தால் கண் கண்டுபிடிக்காது என்று சொல்லிக்கொடுப்பது கணிதம்.

அந்தக் கணிதத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972இல் ஒரு புதிய கணித உருமாற்றத்தை ஆராய நிதி கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று நிராகரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. தன் மாணவர் நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அந்த ஆய்வை வெளியிட்டார். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் பகுதியையும் வேகமாக மாறும் நுணுக்கத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிற உத்தி அது. நுணுக்கத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டாலும் கண் பொறுத்துக்கொள்ளும். ஜேபெக் படமும் இன்றைய வீடியோ அழைப்பும் நிற்பது இந்த அடித்தளத்தில்தான். மூன்று பேரின் பெயரும் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு உத்தியும் உண்டு. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே எது மாறியதோ அதை மட்டும் அனுப்பினால் போதும். வெற்றுச் சுவருக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து பேசுபவரின் படம் குறைந்த டேட்டாவிலேயே தெளிவாக இருப்பது இதனால்தான். முதுகுக்குப் பின்னால் ஃபேன் ஓடினால், ஜன்னல் வழியே பஸ்ஸும் ஆட்டோவும் போனால், உங்கள் முகத்துக்குச் சேர வேண்டிய பிட்டுகளை அவை தின்றுவிடும். செயலியை மாற்றுவதற்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

கழித்தலில் நிறத்துக்கு விழும் அடிதான் பெரிது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் வீடியோ அழைப்புகளில் பொதுவாக நான்கு புள்ளிகளுக்கு நான்கு வெளிச்ச அளவுகளை வைத்துக்கொண்டு, நிறத் தகவலை நான்குக்கும் சேர்த்து ஒன்றாகச் சுருக்கிவிடுகிறார்கள். முகம் பார்க்க இது போதும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைக் காட்டி ஆர்டர் எடுப்பவருக்குப் போதாது. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். சேலையைத் திருப்பும்போது நீலமும் பச்சையும் மாறிமாறித் தெரிவதுதான் அதன் அழகு. இழை அளவில் நடக்கும் அந்த விளையாட்டை, நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சுருக்குகிற வீடியோ காட்டவே முடியாது. போதாக்குறைக்கு, ட்யூப் லைட் வெளிச்சத்துக்கு ஏற்ப போன் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்தும். சேலையை அசைத்துக் காட்டினாலோ ஜரிகை மொத்தமும் கலங்கலாகிவிடும்.

எந்தச் செயலிக்குப் பணம் கட்டினாலும் இது மாறாது. நிறம் முக்கியமான தொழிலில் இருப்பவர்கள் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைக் கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, ஒரு துண்டு மாதிரியையும் கூரியரில் அனுப்பிவிட்டு, விலையையும் நாளையும் மட்டும் வீடியோவில் பேசுவது நல்லது. "வீடியோவில் பார்த்த நிறம் வேறே, வந்த நிறம் வேறே" என்ற சண்டை பாதி இதனாலேயே தீரும்.

இனி குரலுக்கு வருவோம். இணைய உலாவி வழியாக நடக்கும் அழைப்புகளில் குரலைச் சுருக்குவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற முறை. விநாடிக்கு வெறும் 6 கிலோபிட்டிலிருந்தே அது வேலை செய்யும். நல்ல தரத்துக்குக் கூட 60 முதல் 80 கிலோபிட் போதும். ஹெச்டி படத்துக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மணி நேரம் குரல் மட்டும் பேசினால் போகவும் வரவும் சேர்த்து 70 எம்பி அளவில் முடியும். இரு பக்கமும் தலா 600 கிலோபிட்டில் வீடியோ ஓடினால் 540 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பும்போது வழியில் ஒரு துண்டு தொலைந்தால், அதை மறுபடி கேட்டு வாங்க நேரம் இருக்கிறது. பேச்சில் அது கிடையாது. தாமதமாக வரும் சொல்லால் பயன் இல்லை. எனவே தொலைந்த துண்டைத் தேடாமல், முன்பின் ஒலியை வைத்து இடைவெளியை நிரப்பிவிட்டுச் செயலி மேலே போய்விடும். இந்த நிரப்பும் வேலையைத் திறமையாகச் செய்யும் செயலியில், நெட் தடுமாறினாலும் பேச்சு புரியும். படம் உறைந்து நின்றால்கூட கூட்டம் நடக்கும்; குரல் அறுந்தால் அங்கேயே நின்றுவிடும்.

தாமதமும் அதே அளவு முக்கியம். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடி அளவுதான் என்பதைப் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவதும், "நீங்க சொல்லுங்க சார்", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதும் ஆரம்பிக்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வேங்கிக்காலில் இருப்பவரும் ஆரணியில் இருப்பவரும் பேசும் பேச்சு, செயலியின் சர்வர் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தால், அவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும். பயண நேரம் மட்டுமே 130 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடும். ஆகவே இந்தியாவில் சர்வர் இருக்கிறதா, நம் கூட்டம் அதன் வழியாகத்தான் போகிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

நெட் வேகத்தைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் டவுன்லோட் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கூட்டத்தில் நம் குரலைச் சுமப்பது அப்லோட். 5ஜியிலும் நேரத் துண்டுகளில் பெரும்பகுதி டவுன்லோடுக்கே ஒதுக்கப்படுகிறது. அதோடு ஒரு செல்போன் கோபுரத்தின் திறனை அங்கிருக்கும் எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதே இல்லை. திருவண்ணாமலையில் தொழில் செய்பவர் கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமி மாலையிலும் முக்கியமான வீடியோ கூட்டம் வைக்கக் கூடாது. வைத்தே தீர வேண்டுமானால் சிம்மை நம்பாமல் ஃபைபரில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும் என்பதால், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குவது விலையுயர்ந்த சந்தாவைவிட அதிகம் உதவும்.

பத்துப் பேர் சேரும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் தன் படத்தை அனுப்பினால் எந்த நெட்டும் தாங்காது. அதனால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை சர்வருக்கு அனுப்ப, அது தபால் நிலையம்போல யாருக்கு எது போக வேண்டுமோ அதைப் பிரித்து அனுப்புகிறது. நல்ல செயலிகளில் அனுப்புபவரின் போனே பெரிய படம், சிறிய படம் என்று இரண்டு மூன்று அளவுகளில் தரும். நெட் மெலிந்தவருக்குச் சிறியது, வலுவானவருக்குப் பெரியது போகும். ஒருவரின் மோசமான இணைப்பு மற்றவர்களின் படத்தைக் கெடுக்காமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

அந்த நடு நிலையம் நம் பேச்சைத் திறந்து பார்க்க முடியுமா? 2020இல் உலகம் முழுவதும் எழுந்த கேள்வி இது. பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் இருப்பதாக ஜூம் சொல்லிவந்தது. உண்மையில் சாவி நிறுவனத்தின் சர்வர்களிடமே இருந்தது. 2020 ஏப்ரலில் கனடாவின் சிட்டிசன் லேப் அதன் மறையாக்க முறையில் இருந்த பலவீனத்தை அம்பலப்படுத்தியது. அதே ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று அறிவித்து, அரசு அதிகாரிகள் அலுவல் பணிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜூம் உண்மையான முனைக்கு முனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. தவறாகச் சொல்லிவந்தது தொடர்பாக நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. இன்றும் நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் ஜூமில் அந்த மறையாக்கம் இயங்கும். இயக்கினால் கிளவுடில் பதிவுசெய்யும் வசதி கிடைக்காது. வாட்ஸ்அப் அழைப்பில் அது எப்போதும் உண்டு, ஆனால் 32 பேர்தான் சேரலாம்.

உள்துறை அமைச்சகத்தின் அந்த அறிவிப்பில் தனிநபர்களுக்குத் தந்த யோசனைகள் எல்லாச் செயலிக்கும் இன்றும் பொருந்தும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண்ணும் கடவுச்சொல்லும் வையுங்கள். வெயிட்டிங் ரூமை இயக்குங்கள். திரையைப் பகிரும் உரிமையை நடத்துபவரிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வந்ததும் கூட்டத்தைப் பூட்டுங்கள். முடிந்ததும் வெறுமனே வெளியேறாமல், கூட்டத்தையே முடித்துவிடுங்கள். இவற்றைச் செய்யாதவர் எவ்வளவு விலையுள்ள செயலி வாங்கியும் பயனில்லை.

ஜூமுக்கு மாற்றாக உள்நாட்டிலேயே ஒரு செயலி வேண்டும் என்று மத்திய அரசு நடத்திய போட்டியில், 2020 ஆகஸ்ட்டில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்ஷியாவின் வீகன்சோல் வென்று ஒரு கோடி ரூபாய் பரிசு பெற்றது. வேகம் குறைந்த இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்பது அந்தப் போட்டியின் நிபந்தனைகளில் ஒன்று. சரியான நிபந்தனை.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 173ஆவது பிரிவு, இயக்குநர் குழுக் கூட்டத்தில் வீடியோ வழியாகப் பங்கேற்பதை அனுமதிக்கிறது. ஆனால் தொடக்கத்தில் ஒவ்வொரு இயக்குநரும் தன் பெயரையும் எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். நடவடிக்கைகளைப் பதிவுசெய்து, குறைந்தது அந்த ஆண்டுத் தணிக்கை முடியும் வரை பாதுகாக்க வேண்டும். பதிவுசெய்ய முடியாத இலவசக் கணக்கு இங்கே உதவாது. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில், கூகுள் மீட் 60 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். பதிவுகளை உங்கள் சொந்தக் கணினியிலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். செயலியே ஒரு நாள் இல்லாமல் போகலாம்: 2003இல் தொடங்கி உலகமே பயன்படுத்திய ஸ்கைப், 2025 மே 5 அன்று மூடப்பட்டது.

எல்லாக் கூட்டத்துக்கும் வீடியோ தேவையா என்றும் யோசிக்கலாம். 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான மெலனி பிரக்ஸ், ஜோனதன் லெவாவ் ஆய்வில், இருவர் இருவராக வீடியோவில் பேசியவர்கள் நேரில் பேசியவர்களைவிடக் குறைவான புதிய யோசனைகளையே சொன்னார்கள். திரையிலேயே பார்வை கட்டுண்டு கிடப்பதுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சொன்ன யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோவில் பேசியவர்கள் பின்தங்கவில்லை. புதிய டிசைன் யோசிக்க நேரில் கூடுங்கள், எதைச் செய்வது என்று முடிவெடுக்க வீடியோ போதும்.

ஆண்டுச் சந்தா கட்டும் முன் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்களோடு தொழில் செய்பவர்களில் நெட் மிக மோசமான ஊரில் இருப்பவரைக் கூப்பிட்டு, கேமராவை அணைத்துவிட்டு, உங்கள் விலைப்பட்டியலில் உள்ள எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். "எழுபது"ம் "எண்பது"ம் தெளிவாகப் பிரிந்து கேட்டால், அந்தச் செயலியையே வாங்குங்கள்.