பதினான்கு மாடிக் கட்டடம்

முன்னாளில் சென்னையைக் காண வந்தோர், மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்று, அண்ணாந்து மாடிகளை எண்ணுவர். தரைத்தளமும் அதன்மேல் பதினான்கு மாடிகளுமாக அதன் உயரம் 177 அடி. ‘பதினாலு மாடி’ என்றே மக்கள் அதனை அழைத்தனர்.

மாணவ நண்பர்களே, இத்துணை உயரம் எங்ஙனம் இயன்றது? செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய மாளிகைகளில் சுவர்களே பாரத்தைச் சுமந்தன. மாடிகள் பெருகப் பெருக, அடிச்சுவர் மிகவும் பருக்க வேண்டும். அறைகளுக்கு இடம் குறையும். கம்பி பொதிந்த கான்கிரீட்டோ தூண்களையும் உத்தரங்களையும் எலும்புக்கூடுபோல் இணைத்துப் பாரத்தை நிலத்திற்குக் கடத்துகிறது. சுவர் வெறும் போர்வையே.

யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்காக இப்பணியைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. முற்றுப்பெறாத கட்டடமும் எல்.ஐ.சி. வசமாயிற்று. 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அதனைத் திறந்து வைத்தார்.

1975-இல் பெருந்தீ மூண்டது. அதன் பின்னரும் கட்டடம் நிலைத்து நிற்கிறது. இன்று அதனினும் உயர்ந்தவை நகரில் பலவுண்டு. எனினும் அங்குச் செல்லும்போது ஒருகணம் நின்று, மாடிகளை எண்ணுங்கள். அவற்றை எண்ணிப் பார்க்கும் பேறு பெறாத அம்மனிதரையும் எண்ணுங்கள்.