ஓய்வூதியர் மறைந்தபின் குடும்பத்தினர் செய்ய வேண்டுவன

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் வந்து தங்கியிருப்போர் இன்று ஏறக்குறைய எல்லாக் கிராமங்களிலும் உளர். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், காவல் துறையில் ஏட்டாக இருந்தவர், நெடுஞ்சாலைத் துறையில் பணி செய்தவர் என ஊருக்குச் சிலரேனும் இருப்பர். அவர்களுக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தைக் கொண்டே வீட்டுச் செலவு நடைபெறுகின்றது; பல குடும்பங்களில் விதைக்கும் உரத்திற்கும் ஆள் கூலிக்குங்கூட அதுவே கைகொடுக்கின்றது. இத்தகைய ஒருவர் காலமாகிவிட்டால், "அவரோடு பென்ஷனும் போயிற்று" என்று கருதி வாளாவிருப்போர் ஒரு சாரார். இறந்த செய்தியை எவருக்கும் தெரிவிக்காமல், வங்கி அட்டையைக் கொண்டு பணத்தை எடுத்துக்கொண்டே இருப்போர் மற்றொரு சாரார். முன்னவர் தமக்குரியதை இழக்கின்றனர்; பின்னவர் தமக்குரியதல்லாததைப் பெற்றுப் பின்னர் இடர்ப்படுகின்றனர். முறை தெரியாமையே இரண்டிற்கும் காரணம். ஆதலின் அம்முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்து வைத்திருத்தல் நலம்.

தமிழ்நாட்டு அரசு ஊழியர் இறந்தபின் அவர் குடும்பத்திற்கு மாதந்தோறும் பணம் வழங்கும் ஏற்பாட்டுக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று பெயர். 1964ஆம் ஆண்டில் தோன்றிய இத்திட்டம், பின்னர் 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் இடம் பெற்றது. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன்னர் பணியிற் சேர்ந்தோர் குடும்பங்களைப் பற்றியே இங்குக் கூறுகின்றோம். அந்நாளிலும் அதற்குப் பின்னும் சேர்ந்தோர்க்கும், சத்துணவுப் பணியாளர் போன்று சிறப்பு ஓய்வூதியம் பெறுவோர்க்கும் விதிகள் வேறு.

எவ்வளவு கிடைக்கும் என்பதே முதற் கேள்வியாக எழும். பொது விதிப்படி, ஊழியர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியமாகும். அதனுடன் அகவிலைப்படியும் சேரும். கடைசி ஊதியம் ரூ.50,000 பெற்ற ஒருவருக்கு முழு ஓய்வூதியம் அதில் பாதியாகிய ரூ.25,000 என்று கொள்வோம். அவர் மறைந்தபின் மனைவிக்கு உரியது ரூ.15,000மும் அதற்குரிய அகவிலைப்படியும் ஆகும். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளிலேயே இறப்பு நேருமாயின், விதிகளிற் குறித்த காலம் முடியும் வரை உயர்ந்த விகிதத்திலும், அதன் பின்னர் 30 சதவீத அளவிலும் வழங்கப்படும். உயர்ந்த விகிதம் எந்த நாள் வரை என்பது ஓய்வூதிய ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்நாள் கடந்ததும் தொகை குறைவது கண்டு, யாரோ பிடித்தம் செய்துவிட்டார் என எண்ணி முறையிடுவோர் பலர். ஆணையை ஒருமுறை படித்துக் காட்டினால் அக்கவலை தீரும். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்னதாகவே மொத்தத் தொகையாகப் பெற்றிருப்பவருக்கு மாதந்தோறும் அதற்காகப் பிடித்தம் நடைபெறும். அப்பிடித்தம் அவரோடு நின்றுவிடும். குடும்ப ஓய்வூதியத்தில் அது தொடர்வதில்லை.

இனி, முதலிற் செய்ய வேண்டிய செயல் இறப்பைப் பதிவு செய்தல். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இது செய்யப்படல் வேண்டும். வீட்டில் இறந்தவரின் பதிவைக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரே செய்கின்றார். மருத்துவமனையில் இறந்தாராயின் அம்மருத்துவமனை இருக்கும் இடத்திலேயே பதிவாகும். வேறொரு நகரத்து மருத்துவமனையில் இறந்தவருக்கு ஊரில் வந்து சான்று கேட்டு அலைவதில் பயனில்லை. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் தாமதக் கட்டணத்துடன் பதியலாம். அதற்கும் மேற்பட்டால் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவர் ஒருவரின் ஆணையின்றிப் பதிய இயலாது. கருமாதி முடியட்டும் என்று காத்திருப்பது நம் வழக்கம். பதினாறாம் நாள் வரை காத்திருந்தாலும் 21 நாட்களுக்குள் அடங்கும் என்பது உண்மையே. ஆனால் அதன்பின் உழவு, அறுவடை என்று ஏதேனும் ஒன்று வந்து மறதி நேர்வதையே பெரிதும் காண்கின்றோம். தகவல் தருபவருக்கு முதற்படி கட்டணமின்றி வழங்கப்படும். கூடுதற் படிகளையும் அப்போதே பெற்று வைத்துக்கொள்வது நல்லது. வங்கி, கருவூலம், வட்டாட்சியர் அலுவலகம் ஆகிய ஒவ்வோரிடத்திலும் ஒன்று கேட்பர். சான்றிதழில் இறந்தவர் பெயரும் தலைப்பெழுத்தும் ஓய்வூதிய ஆணையில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, கருவூலத்திற்குத் தெரிவித்தல். எந்தக் கருவூலம் அல்லது சார் கருவூலத்தின் வழியாக ஓய்வூதியம் வந்ததோ, அங்கே எழுத்து மூலமாக இறப்பைத் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமற் போவதால் வரும் தீங்கைச் சற்று விரித்துரைப்பது அவசியம். ஒருவர் ஆகஸ்டு மாதம் 12ஆம் நாள் இறந்தார் எனக் கொள்வோம். அந்த 12ஆம் நாளையும் சேர்த்து அதுவரை அவருடைய ஓய்வூதியம் உண்டு. 13ஆம் நாள் முதல் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கருவூலத்திற்குச் செய்தி எட்டாத வரையில் பழைய தொகையே மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து சேரும். முன் சொன்ன கணக்குப்படி, மனைவிக்கு உரியது ரூ.15,000, வந்ததோ ரூ.25,000. ஆறு மாதம் இப்படி எடுத்துவிட்டால் அகவிலைப்படி வேறுபாடு நீங்கலாகவே ரூ.60,000 திருப்பிச் செலுத்த வேண்டியதாகும். குடும்ப ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ளவர் எவரும் இல்லாத வீட்டிலோ எடுத்த முழுத் தொகையையும் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் நடைபெறும் நேர்காணலில் ஓய்வூதியர் தம் உயிர்வாழ்வை மெய்ப்பிக்க வேண்டியிருத்தலால், இது வெளிப்படாமற் போவதில்லை. தெரிந்தே மறைத்தது குற்றமாகவும் கருதப்படக்கூடும். துக்க வீட்டில் செலவுக்குப் பணம் இல்லாமையால் அட்டையைப் பயன்படுத்தியவர்களை நாம் கடுமையாகப் பேச வேண்டுவதில்லை. எனினும், அந்த அட்டையை எடுத்து வைத்துவிடுமாறு முதல் வாரத்திலேயே சொல்வதற்கு ஊரில் ஒருவர் இருந்தால் அக்குடும்பம் கடனிலிருந்து தப்பும்.

குடும்ப ஓய்வூதியத்திற்கான விண்ணப்பத்தையும் அதே கருவூலத்திற் கொடுக்கலாம். ஓய்வூதிய ஆணையில் மனைவி அல்லது கணவரின் பெயரும் அவருக்குரிய தொகையும் முன்னரே எழுதப்பட்டிருக்குமாயின் வேலை எளிது. (ஆசிரியையாக இருந்து மறைந்த மனைவிக்காகக் கணவரும் இதைப் பெறலாம், இதைப் பெண்டிர்க்கே உரியதெனப் பலர் எண்ணியிருக்கின்றனர்.) விண்ணப்பப் படிவத்துடன் இறப்புச் சான்றிதழ், ஓய்வூதியர் வசமிருந்த ஆணைப் புத்தகம், விண்ணப்பதாரர் புகைப்படங்கள், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகல், உடலில் உள்ள அங்க அடையாளங்கள், மாதிரிக் கையொப்பம் ஆகியவற்றைத் தர வேண்டும். கையெழுத்திடத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். அதற்குச் சாட்சிகள் தேவை. இச்சாட்சிக் கையொப்பம் பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்க சிறு உதவி. ஆணைப் புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் அஞ்ச வேண்டா. அதன் மறுபகுதி கருவூலத்தில் இருக்கின்றது, உரிய மனுவின் மேல் மாற்றுப்படி பெறலாம். விண்ணப்பத்திற்குக் கட்டணம் எதுவுமில்லை. கருவூல வாயிலில் நின்று, இவ்வளவு கொடுத்தால் இத்தனை நாளில் முடித்துத் தருவேன் என்பாரை நம்ப வேண்டா. மனுவைக் கொடுத்தமைக்கு ஒப்புகை பெற்றுக்கொள்வதே போதிய பாதுகாப்பு.

காலதாமதத்திற்குப் பெருங்காரணம் பெயர் வேறுபாடுதான். ஆணையில் "இராஜம்மாள்" என்றும், ஆதாரில் "ராசம்மா" என்றும், வங்கியில் "ராஜம்" என்றும் இருந்தால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கக் கணவரை இழந்த மூதாட்டி பல முறை பேருந்து ஏற வேண்டியிருக்கின்றது. ஓய்வூதியர் உயிரோடிருக்கும்போது ஒரு நாளில் திருத்தியிருக்கக்கூடிய செய்தி இது. தம் ஆணையில் துணைவியார் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்று ஓய்வூதியர் ஒவ்வொருவரும் இன்றே பார்த்தல் நன்று. துணைவியார் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருத்தலும் இன்றியமையாதது. ஆணையில் பெயரே இல்லையாயின் கருவூலம் தானாக வழங்க இயலாது. இறந்தவர் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்தின் வழியே மாநிலக் கணக்காயருக்கு எழுதி அனுமதி பெற வேண்டும்.

மாத ஓய்வூதியம் தவிர வேறு இரு தொகைகளும் உண்டு. இவற்றைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் மிகப் பல. ஒன்று, இறந்த நாள் வரை வழங்கப்படாது நின்ற ஓய்வூதியமாகிய ஆயுட்கால நிலுவை. ஓய்வூதியர் இதற்கு ஒருவரை நியமனம் செய்திருந்தால் அவர் பெறுவார். இல்லையேல் வாரிசுகளுக்கு உரியது, அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் இச்சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மற்றொன்று, ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி. உயிரோடிருந்த காலத்தில் இதற்கென மாதச் சந்தா பிடிக்கப்பட்டு வந்தவரின் குடும்பத்திற்கு ரூ.50,000 ஒரே தவணையில் கிடைக்கும். சந்தா பிடிக்கப்பட்டதா என்பதை ஓய்வூதியப் பட்டியலிற் பார்த்து, கருவூலத்தில் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். குடும்ப ஓய்வூதிய மனு கொடுத்தால் இதுவும் தானே வந்துவிடும் என்று இருத்தல் கூடாது.

பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டால் பிள்ளைகள் நிலை என்ன? பொதுவாக 25 வயது வரை, மணமாகாமலும் சம்பாத்தியமின்றியும் உள்ள மகனோ மகளோ பெறலாம். மணமாகாத மகள், கணவனை இழந்த மகள், மணமுறிவு பெற்ற மகள் ஆகியோர் அவ்வயது கடந்தும் வருமான வரம்பு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கோரலாம். எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருத வேண்டியவர் மாற்றுத்திறனாளியான பிள்ளை. சம்பாதித்து வாழ இயலாத அளவுக்கு உடல் அல்லது மனக் குறைபாடுள்ள மகனுக்கும் மகளுக்கும் வயது வரம்பின்றி இது வழங்கப்படுகின்றது. ஆனால் குறைபாட்டை மருத்துவச் சான்றினால் நிலைநாட்ட வேண்டும். தந்தையும் தாயும் போனபின், தன் பெயரையும் சொல்ல அறியாத ஒருவனுக்காக யார் ஓடித் திரிவார்? ஆகையால் அத்தகைய பிள்ளையின் பெயரையும், அவனைப் பேணுவோர் இன்னார் என்பதையும் பெற்றோர் தாம் இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும். ஊரில் இப்படிப்பட்ட வீடு எது என்பது பஞ்சாயத்து உறுப்பினருக்குத் தெரியாததன்று.

முதல் மனைவி இருக்கையில் மணந்த இரண்டாம் மனைவியைப் பற்றிய வழக்கு பல ஊர்களில் எழுகின்றது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி அத்திருமணம் செல்லாது. எனினும் அதிற் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகள் என்றே அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகின்றது. ஊர்க் கூட்டத்தில் பாதிப் பாதி என்று பேசி முடித்து எழுதிக்கொள்ளும் பத்திரம் கருவூலத்தைக் கட்டுப்படுத்தாது.

பணியிலிருக்கும்போதே இறந்தவர் குடும்பத்தார் கருவூலத்திற்கல்ல, அவர் பணிபுரிந்த அலுவலகத் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பணிக்கொடை முதலியனவும் உண்டு. கருணை அடிப்படையில் வேலை கோருவோர் இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும்.

முதியோர் உதவித்தொகை பெற்று வந்தவர் இறந்தால் அத்தொகை மனைவிக்கு மாறுமா என்று பலர் வினவுகின்றனர். அது குடும்ப ஓய்வூதியம் போன்றதன்று, அவரோடு முடிவது. அதனைத் தொடர்ந்து எடுத்தாலும் திருப்பிக் கட்ட நேரும். ஆயினும், ஆதரவற்ற கைம்பெண் என்ற முறையில் அம்மாது தம் பெயரிலேயே புதிதாக விண்ணப்பிக்கலாம். இவ்வுதவித்தொகை 2023ஆம் ஆண்டில் மாதம் ரூ.1,000லிருந்து ரூ.1,200ஆக உயர்த்தப்பட்டது.

குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கியபின்னும் செய்ய வேண்டுவன சில உள. ஆண்டுதோறும் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும், அல்லது ஆதார் வழியே கைரேகை வைத்து மின்னணு உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும். இம்முறை 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழியும் கேட்கப்படும். விட்டுவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். மீண்டும் சென்று சான்றளித்தால் நிலுவையுடன் வரும். 80 வயது நிறைந்தோர்க்குக் கூடுதலாக 20 சதவீதம் உண்டு. வயது ஏற ஏற அது மிகுந்து, 100 வயது நிறைந்தோர்க்கு 100 சதவீதமாகும். பிறந்த தேதி ஆணையில் இல்லாத மூதாட்டிக்கு இது தானாக வாராது. பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இல்லாத தலைமுறையினர் அவர். எந்த ஆவணத்தை ஏற்பர் என்று கருவூலத்திற் கேட்டு, 80 வயது வருமுன்பே கொடுத்து வைப்பது தக்கது.