செவியும் மூக்கும்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளின் வழியாகவே மனிதன் உலகை அறிகிறான். இவற்றுள் செவிக்கும் மூக்கிற்கும் நெருங்கிய உறவு உண்டு. வெளித்தோற்றத்தில் அவை தனித்தனியே அமைந்திருப்பினும், உள்ளே தொண்டையின் மேற்பகுதியில் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டுள்ளன. ஆதலால் மூக்கில் தோன்றும் நோய் செவியையும் தாக்கக்கூடும். செவி, மூக்கு, தொண்டை ஆகிய மூன்றையும் ஒரே மருத்துவர் கவனிப்பதற்கு இதுவே காரணமாகும்.

செவி, கல்வியின் வாயில். படித்து அறிய இயலாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பதனால், திருவள்ளுவர் ‘கேள்வி’ என்று தனி அதிகாரமே வகுத்தார். குழந்தை தாய்மொழியைக் கற்பதும் செவி வழியாகவே. அச்செவியில் குறை நேர்ந்து, அதனை எவரும் அறியாமல் போனால், அக்குழந்தையின் மொழியும் கல்வியும் பின்தங்கிவிடும்.

செவியின் அமைப்பு

செவி மூன்று பகுதிகளை உடையது. அவை புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்பனவாம். காது மடல் ஒலியைத் திரட்டிச் செவிக்குழாய் வழியே உள்ளே அனுப்புகிறது. குழாயின் முடிவில் மெல்லிய செவிப்பறை உள்ளது. ஒலி அலைகள் பட்டவுடன் அது பறையின் தோலைப் போல அதிர்கிறது. அவ்வதிர்வை நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கவடி எலும்பே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

உட்செவியில் நத்தைக் கூட்டைப் போலச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அதிர்வை மின் குறிப்புகளாக மாற்றுகின்றன. செவி நரம்பு அக்குறிப்புகளை மூளைக்குக் கொண்டு செல்கிறது. மனிதரிடத்தில் இச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் ஒரு சிறு குழல் இணைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டேக்கியின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழல் எனப்படுகிறது. செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவது அதன் பணி. மலைப்பாதையில் பயணம் செய்யும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கியவுடன் திறந்துகொள்வதும் இக்குழலின் செயலால் நிகழ்வனவாகும்.

கவனக்குறைவா, செவிக்குறையா?

சிறுவர்களுக்கு யூஸ்டேக்கியன் குழல் குட்டையாகவும், சாய்வு குறைந்ததாகவும் இருக்கும். ஆகவே சளி பிடிக்கும்போது மூக்கிலுள்ள கிருமிகள் எளிதில் நடுச்செவியை அடைகின்றன. அப்போது காய்ச்சலும் கடுமையான காதுவலியும் உண்டாகும். செவிப்பறை கிழிந்து சீழ் வடிவதும் உண்டு.

வலியும் சீழும் உள்ள நோயைப் பெற்றோர் உடனே அறிந்துகொள்வர். ஆனால் வலியே இல்லாத நோயும் ஒன்று உண்டு. செவிப்பறைக்குப் பின்னால் பிசின் போன்ற நீர் தங்கிவிடுவதே அந்நோய். அதனால் ஒலி மங்கிக் கேட்கும். குழந்தை அழுவதில்லை, தனக்குக் கேட்கவில்லை என்று சொல்லவும் அதற்குத் தெரிவதில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கும். சொன்னதையே திரும்பக் கேட்கும். வகுப்பில் வேறு எங்கோ பார்க்கும். பெரியவர்கள் அதனைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வர்.

தாய்மொழி வழங்காத மாநிலத்தில் வளரும் பிள்ளைகளிடம் இக்குறை மேலும் மறைந்து நிற்கக்கூடும். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராத்தியோ குஜராத்தியோ, பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் பிள்ளை ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், “மொழி பழகவில்லை, போகப்போகச் சரியாகிவிடும்” என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அப்பிள்ளைக்கு மொழியறிவில் குறை இல்லாமல், செவியில் குறை இருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. நன்கு பழகிய தாய்மொழியில், பிள்ளையின் பின்புறமிருந்து மெல்லிய குரலில் பேசும்போதும் அது அடிக்கடி மறுமொழி தராவிடில், செவியைச் சோதிக்க வேண்டும்.

மருத்துவர் கண்டறியும் முறை

மருத்துவர் முதலில் செவிநோக்கி என்னும் விளக்குக் கருவியால் செவிக்குழாயையும் செவிப்பறையையும் பார்க்கிறார். குறும்பி அடைத்துள்ளதா, பறை சிவந்துள்ளதா, அதில் துளை உள்ளதா என்பன அதனால் விளங்கும்.

அடுத்து இசைக்கவையைத் தட்டி அதிரச் செய்கிறார். அதன் அடியைக் காதின் பின்புற எலும்பில் ஒருமுறை வைக்கிறார். பின்னர் அதனைக் காதின் எதிரே பிடிக்கிறார். நலமான செவிக்குக் காற்றின் வழியே வரும் ஒலியே உரத்துக் கேட்கும். எலும்பின் வழியே வரும் ஒலி உரத்துக் கேட்டால், குறை புறச்செவியிலோ நடுச்செவியிலோ உள்ளது என்று பொருள். இச்சோதனையை ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855இல் வெளியிட்டார். எலும்பும் ஒலியைக் கடத்தும் என்பதை எவரும் உணரலாம். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு வாய் திறவாமல் முனகினால், மூடிய காதிலேயே ஒலி மிகுதியாகக் கேட்கும்.

குறையின் அளவை அறியச் செவித்திறன் சோதனை உதவுகிறது. ஓசை புகாத அறையில், காதொலிப்பான்களைக் காதில் பொருத்திப் பல்வேறு சுருதிகளில் மெல்லிய ஒலிகள் எழுப்பப்படும். ஒலி கேட்டவுடன் கையை உயர்த்த வேண்டும். முடிவுகள் டெசிபல் அளவில் வரைபடமாகக் குறிக்கப்படும். பேச இயலாத பச்சிளங்குழந்தைக்கும் சோதனை உண்டு. ஒலியைக் கேட்ட உட்செவி திருப்பி எழுப்பும் நுண்ணொலியை ஒரு கருவி பதிவு செய்துகொள்ளும். குழந்தை உறங்கும்போதே இச்சோதனையைச் செய்து முடிக்கலாம்.

செவிக்கு மருத்துவம்

நோயின் காரணத்திற்கு ஏற்ப மருத்துவம் வேறுபடும். குறும்பி அடைத்திருப்பின் சொட்டு மருந்தால் இளக்கி, உரிய கருவியால் அகற்றுவர். நடுச்செவியில் நீர் தங்கியிருப்பின், அது பெரும்பாலும் தானே வற்றிவிடும் என்பதனால் சுமார் 3 மாதம் வரை கண்காணிப்பர். வற்றாது கேட்டல் குறைந்தே இருப்பின், செவிப்பறையில் சிறு குழல் பொருத்திக் காற்றோட்டம் ஏற்படுத்துவர். பறையில் நீங்காத துளை இருப்பின், காதின் அருகே தசையை மூடியுள்ள மெல்லிய உறையை எடுத்து ஒட்டி அடைப்பர்.

உட்செவியின் குறைக்குக் கேட்புக் கருவி துணை செய்கிறது. அதுவும் பயன்படாதபோது காக்ளியர் உள்பதியம் பொருத்தப்படும். அது மயிர்ச் செல்களின் பணியைத் தானே ஏற்று, மின் குறிப்புகளை நேரே செவி நரம்பிற்கு அளிக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இதனை இளவயதிலேயே பொருத்தி, தொடர்ந்து பேச்சுப் பயிற்சியும் அளித்தால்தான் முழுப்பயன் கிட்டும்.

மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965 முதல் இத்துறையில் பணியாற்றி வருகிறது. காது கேளாமையைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 2007இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் உலகக் கேட்டல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூக்கின் நோய்கள்

மூக்கு வெறும் காற்றுக் குழாய் அன்று. உள்வரும் காற்றை அது வடிகட்டி, வெம்மையும் ஈரமும் ஊட்டி நுரையீரலுக்கு அனுப்புகிறது. தூசி, மகரந்தம் முதலியவற்றால் சிலருக்கு ஒவ்வாமை தோன்றி, அடுக்குத் தும்மலும் நீர் ஒழுக்கும் உண்டாகும். மூக்கைச் சூழ்ந்த காற்றறைகளில் சளி தேங்கினால் நெற்றியும் கன்னமும் வலிக்கும். மூக்கின் பின்புறத்துச் சதை வீங்கினால், குழந்தை வாயால் மூச்சு விடும். உறக்கத்தில் குறட்டை விடும். அச்சதை யூஸ்டேக்கியன் குழலின் வாயை அடைத்தால் செவியும் மந்தமாகும். அகநோக்கி என்னும் மெல்லிய குழாய்க் கருவியால் மருத்துவர் இவற்றைக் காண்கிறார்.

சிறு குழந்தையின் ஒரு நாசித் துளையில் மட்டும் துர்நாற்றமுள்ள சளி ஒழுகினால், அதனுள் மணியோ விதையோ வேறு பொருளோ சிக்கியிருக்கலாம். பொத்தான் வடிவ மின்கலமாயின் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உட்புறத்தைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வட மாநிலங்களின் வறண்ட குளிர்காலத்திலும் கடுங்கோடையிலும் மூக்கில் குருதி வடிவது உண்டு. அப்போது தலையைப் பின்னே சாய்த்தல் தவறு. குருதி தொண்டைக்குள் இறங்கிவிடும். அமர்ந்து, சற்றே முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிட வேண்டும். அதன் பின்னும் நிற்காவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

பண்டை இந்தியாவின் அறுவை மருத்துவம்

அறுபட்ட காது மடலை ஒட்டுவதும், இழந்த மூக்கைப் புதிதாக அமைப்பதும் பண்டை இந்தியர் அறிந்திருந்த கலைகள். சுசுருத சம்கிதை என்னும் வடமொழி நூல், கன்னத்துச் சதையைப் பெயர்த்து மூக்கு அமைக்கும் முறையையும், மூச்சு விடுவதற்காக நாசியில் குழல்கள் பொருத்துவதையும் விளக்குகிறது. பிற்காலத்தில் நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை வழக்கிற்கு வந்தது. புனேயில் காவஸ்ஜி என்பவருக்குச் செய்யப்பட்ட அத்தகைய மருத்துவம் பற்றிய செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனைக் கற்றறிந்த ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் லண்டனில் அம்முறையைச் செய்து காட்டினார்.

காக்கும் வழிகள்

குறும்பி அழுக்கு அன்று. செவிக்குழாயைக் காக்கும் கவசம் அது. பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். கொண்டை ஊசி, தீக்குச்சி, பஞ்சுக் குச்சி ஆகியவற்றால் குடைந்தால் குறும்பி உள்ளே தள்ளப்படும்; செவிப்பறையும் கிழியக்கூடும். தில்லி போன்ற நகரங்களில் சாலையோரத்தில் காது சுத்தம் செய்வோரிடம் செவியைக் காட்டுவதும் தகாது. காதுவலிக்குக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. பறையில் துளை இருப்பின் அது பெருந்தீங்கு விளைவிக்கும். மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கமாக, மெல்லச் சிந்த வேண்டும். பேரொலியும் செவியைக் கெடுக்கும். ஆதலால் செவியில் பொருத்திக் கேட்கும் கருவிகளின் ஒலியைக் குறைத்தே வைக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு மாணவர் சொன்னதையே மீண்டும் கேட்டால், அவரைப் பார்த்து நகைப்பது எளிது. அவருக்குக் கேட்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை. உரிய காலத்தில் எழும் அந்த ஒரு வினா, ஒருவருடைய கல்வியையே காக்கவல்லது.

சொற்பொருள்

பொறி – புலனுறுப்பு
குறும்பி – காதில் சுரக்கும் மெழுகு போன்ற பொருள்
இசைக்கவை – தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் கவட்டை வடிவக் கருவி
அங்கவடி – குதிரை ஏறுவோர் கால் வைக்கும் வளையம்
நாசி – மூக்கு

பயிற்சி

1. செவி, மூக்கு, தொண்டை ஆகியவற்றை ஒரே மருத்துவர் கவனிப்பது ஏன்?
2. வலியில்லாத செவி நோய், வலியுள்ளதைவிடக் கல்விக்கு மிகுந்த இடையூறு ஆவது எவ்வாறு?
3. பல மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையின் செவிக்குறை மறைந்து நிற்பதற்குக் காரணம் யாது?
4. மூக்கில் குருதி வடியும்போது செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.
5. பிரித்து எழுதுக: ஐம்பொறி, சிற்றெலும்பு, பேரொலி.
6. செயல்பாடு: காதுவலிக்கு வீட்டில் செய்யப்படும் வைத்தியங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவற்றுள் பாடத்தின்படி தவிர்க்க வேண்டியவை எவை என ஐந்து தொடர்களில் எழுதுக.